பின்கட்டில் கிடந்த புல்லட்

காரைக்குடியில் நம் இல்லத்தின் பின்கட்டில், விறகுக்கும் பழைய அண்டாக்களுக்கும் இடையே, மறைந்த தந்தையாரின் புல்லட் பதினெட்டு ஆண்டுகள் கிடந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை கூறியபோது அன்னையார் மறுமொழி ஏதும் கூறவில்லை. சாவிக்கொத்தை நம் கையில் வைத்துவிட்டு உள்ளே சென்றார்.

1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வண்டி அது. இங்கிலாந்து நிறுவனத்தின் உற்பத்தி 1970-இல் நின்ற பின்னும் திருவொற்றியூரில் புல்லட் உருவாகிக்கொண்டே இருந்தது. ஆதலால் உதிரி உறுப்புகள் கிடைப்பது அரிதன்று.

இறுகிய பிஸ்டனே பெருந்தொல்லை. அந்நிலையில் உதைத்தால் ஏதேனும் முறியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே டீசல் ஊற்றிப் பத்து நாள் காத்திருந்தோம். பின்னர்ச் சிறிது சிறிதாக அசைக்க, ஒரு மாலை அது நகர்ந்தது.

பெட்ரோல் டாங்கின் துருவை நீக்கினோம்; புது வண்ணமும் பூசினோம். விளக்குக் கூட்டின்மேல் தந்தையாரின் சாவிக்கொத்து உராய்ந்த கீறல்களை மட்டும் மறைக்க மனம் வரவில்லை. (பெயிண்டருக்கு அது பெருங்குறை!)

டீகம்ப்ரஷரை அழுத்திப் பிஸ்டனை உச்சி கடத்திய பின்பே உதைக்க வேண்டும்; தவறினால் கால் தப்பாது. நமக்கும் தப்பவில்லை. நான்காம் உதையில் ஓசை எழுந்தது. சமையற்கட்டிலிருந்து விரைந்து வந்த அன்னையார், பின்கட்டை நோக்காமல், தெருவாசலை நோக்கி நின்றார்.