பழத்துக்குக் கடற்கரை, குஞ்சுக்குக் காடு

தீவுத் தொடர் – 7: பங்கோர், மலேசியா

சென்ற வாரம் லுமுட் படகுத்துறையில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து ஃபெரி பிடித்தால் பங்கோர் அதிக தூரமில்லை. பங்கோர் டவுன் துறையில் இறங்கியதும் மூக்கில் ஏறுவது நெத்திலிக் கருவாட்டு வாசம். கிழக்குக் கரை உழைக்கிற கரை: கடலுக்குள் கால் ஊன்றிய மர வீடுகள், கருவாட்டுக் கடைகள், படகு கட்டும் பட்டறைகள். விடுமுறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே தங்குவதில்லை. இளஞ்சிவப்பு வேன் டாக்சியில் ஏறி, மேற்கே பாசிர் போகாக்குக்கோ தெலுக் நிப்பாவுக்கோ போய்விடுகிறார்கள்.

இரண்டு கரைக்கும் நடுவே மலை. மலை நெடுகக் காடு. மணலில் துண்டை விரித்துப் படுத்தால் தலைமாட்டில் மரங்கள், கால்மாட்டில் மலாக்கா நீரிணை.

தெலுக் நிப்பாவில் பொழுது சாயும் நேரத்தில் இருவாச்சிகள் இறங்கிவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்றைக் காணக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டும். இங்கோ விடுதி வாசல் கம்பியிலேயே வந்து உட்காருகின்றன. கறுப்பு உடல், வெள்ளை வயிறு, தந்த நிற அலகு, அதன்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரிக் கொண்டை. வீசுகிற பழத்துண்டை அலகு நுனியில் கவ்வும். நாக்கோ குட்டை, அலகு நுனிக்கு எட்டாது. அதனால் தலையைப் பின்னுக்கு வெட்டி, துண்டைச் சுண்டித் தொண்டைக்குள் போட்டுக்கொள்ளும்.

பழத்துண்டை நம்பி மட்டும் இந்தப் பறவை இங்கே குடியிருக்கவில்லை. மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடைய அதற்கு வராது. முதிர்ந்த மரத்தில் கிளை முறிந்து, உளுத்து, தானாக விழுந்த பொந்துதான் வீடு. பெட்டை உள்ளே புகுந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் கீற்று மட்டும் மிச்சம். குஞ்சு பறக்கத் தயாராகும்வரை, ஏறக்குறைய மூன்று மாதம், ஆண்தான் அந்தக் கீற்று வழியே ஊட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் இதே இனம் ஒருகாலத்தில் அற்றுப்போயிருந்தது. 1994-இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. இனம் பெருகப் பொந்துள்ள பெருமரங்கள் போதவில்லை. செயற்கைக் கூடுகள் செய்து மரத்தில் பொருத்த வேண்டியதாயிற்று. பங்கோரில் அந்தச் செலவை மலை பார்த்துக்கொள்கிறது.

2020 முதல் பங்கோர் வரியில்லாத் தீவு. கடைக்கென்றே வருகிறவர்களுக்கும் அறை வேண்டும்; கரை ஒடுக்கமானது, அகலப்படுத்த நினைத்தால் மலைப்பக்கம்தான் கைவைக்க வேண்டும். இங்கே அறை வாடகை கடலைக் காட்டி வாங்குவது. அதற்கு முதல் போட்டிருப்பது காடு. முதலில் கைவைத்த வியாபாரம் எத்தனை நாள் ஓடும்?

அடுத்த வாரம், பேராக்கின் வெள்ளீயத்துக்காக டச்சுக்காரர்கள் 1670-இல் இங்கே கட்டிய கோட்டைக்குப் போவோம்.

(தொடரும்)