ஏழாண்டுக்கு ஒரு முறை வந்த இளவரசி

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பழைய கார்ட்டூன் படங்களைப் பார்க்கிறார்களா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விடையை முன்னமேயே தீர்மானித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். கையில் செல்போனும், அதில் நொடிக்கு நொடி தள்ளிவிடும் துணுக்குக் காட்சிகளும், எதிலும் ஐந்து நிமிஷம் தரிக்காத சித்தமும் கொண்ட இந்தத் தலைமுறைக்கு, எண்பது வருஷத்துக்கு முன் கையால் தீட்டிய 'பாம்பி'யையும் 'பினோக்கியோ'வையும் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை ஏது என்பது அவர்களுடைய அபிப்பிராயம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முற்காலத்துக் குழந்தைகள் அப்படங்களைத் தாமாகவே நாடிச் சென்றார்கள் என்றும், இக்காலத்துக் குழந்தைகள் அவற்றைத் தாமாகவே ஒதுக்கிவிட்டார்கள் என்றும் அந்த அபிப்பிராயத்துக்குள் மறைந்து நிற்கும் அனுமானம் சற்றுப் பரிசீலனைக்குரியது. குழந்தைகள் எந்தக் காலத்திலும் பழைய படத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். பழைய படம்தான், ஒரு வியாபார ஸ்தாபனம் போட்ட கணக்கின்படி, குறித்த காலத்தில் அவர்களைத் தேடி வந்துகொண்டிருந்தது.

1937-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கார்த்தே சர்க்கிள் தியேட்டரில் 'ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' என்ற படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே அதற்கு 'டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்' என்று ஹாலிவுட்டில் பெயர் வைத்திருந்தார்கள். ஏழெட்டு நிமிஷம் ஓடி முடிந்துவிடும் வேடிக்கைத் துணுக்குகளுக்கே பழகிய ஜனங்கள், அசையும் சித்திரங்களை 83 நிமிஷம் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அன்றைய சந்தேகம். பொறுமையைப் பற்றிய இந்தக் கவலை செல்போனோடு பிறந்ததன்று என்பதையும், அன்று அது பெரியவர்களைக் குறித்தே எழுந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்வது நல்லது. சுமார் 15 லட்சம் டாலர் செலவில், ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு பிம்பங்கள் ஓடும் கணக்கில், சித்திரக்காரர்கள் காகிதத்தில் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் செல்லுலாய்டுத் தகட்டின் மேல் மையால் பெயர்த்தெழுதி, அதன் பின்புறத்தில் வர்ணம் தீட்டிக் கொடுத்த பெண்கள் கூட்டமும், கண்ணாடித் தட்டுகளை அடுக்கடுக்காக நிறுத்தி அவற்றினூடே காட்டுக்கு ஆழம் காட்டிய புதுமையான காமிராவும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் படம் உலகெங்கும் அமோகமாக ஓடியது. ஆஸ்கர் சபை வால்ட் டிஸ்னிக்கு ஒரு பெரிய சிலையும் ஏழு சிறிய சிலைகளுமாகச் செய்து, குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் கையால் கொடுக்கச் செய்தது.

ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியமான வருஷம் 1937 அன்று, 1944. இடைப்பட்ட காலத்தில் டிஸ்னியின் நிலைமை பரிதாபத்துக்குரியதாக இருந்தது. 1940-இல் வெளிவந்த 'பினோக்கியோ'வும் 'ஃபேன்டாசியா'வும், கலை நுட்பத்தில் முந்தின படத்தை விஞ்சி நின்றபோதிலும், யுத்தத்தால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப் போனதால் போட்ட பணத்தை மீட்கவில்லை. 1941-இல் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு ஸ்டூடியோவின் பெரும்பகுதி ராணுவப் பயிற்சிப் படங்கள் எடுப்பதிலேயே முனைந்திருந்தது. புதுப்படம் எடுக்கக் கையில் பணமில்லாத அந்தச் சந்தர்ப்பத்தில், பெட்டியில் கிடந்த 'ஸ்நோ ஒயிட்'டை எடுத்து மறுபடியும் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். 1937-இல் கைக்குழந்தையாக இருந்தவனுக்கும் அப்போது பிறந்தே இராதவனுக்கும் அது புத்தம் புதிய படம். முதல் தடவை பார்த்தவர்களோ இப்போது தம்பி தங்கைகளை அழைத்துக்கொண்டு வரும் வயதினர். ஆறேழு வருஷத்துக்கு ஒரு முறை உலகத்தில் ஒரு புதிய குழந்தைக் கூட்டம் தயாராகிவிடுகிறது என்கிற, தாய்மார்கள் அனைவருக்கும் தெரிந்த சத்தியத்தை ஒரு வியாபாரி கணக்குப் புஸ்தகத்தில் ஏற்றிக்கொண்டது அன்றுதான். 1952, 1958, 1967, 1975, 1983, 1987, 1993 என்று அந்த இளவரசி திரும்பத் திரும்பத் தியேட்டருக்கு வந்தாள். நடுவில் உள்ள வருஷங்களில் என்ன விலை கொடுத்தாலும் காணக் கிடைக்கமாட்டாள்.

காஞ்சிபுரத்தில் நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைச் சேவிக்க 2019-இல் திரண்ட ஜனசமுத்திரத்தைக் கண்டவர்களுக்கு, காணக் கிடைக்காமல் இருப்பதற்கு உள்ள மகிமையை விளக்க வேண்டியதில்லை. தெய்வ காரியத்தையும் சினிமா வியாபாரத்தையும் ஒரு தராசில் வைப்பதாக யாரும் கோபித்துக்கொள்ளலாகாது. மனித சுபாவம் இரண்டிடத்திலும் ஒன்றுதான் என்று சொல்ல வந்தேன். 'இப்போது விட்டால் இனி இவன் பெரியவனாகிவிடுவான்' என்ற எண்ணமே தகப்பனாரை டிக்கெட் வாங்க வைத்தது. பிள்ளையின் ரஸனையை யாரும் விசாரிக்கவில்லை. தாம் சிறுவயதில் கண்டு பயந்த சூனியக்காரியைத் தம் பிள்ளையும் கண்டு பயப்பட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள், அது நடந்தது.

வீடியோ காஸெட் வந்தபோது இந்த ஏற்பாடு குலைந்துவிடும் என்று ஸ்டூடியோவிலேயே அஞ்சினார்கள். அதனால் காஸெட்டுகளையும் சில காலம் விற்பதும், பிறகு சந்தையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துக்கொள்வதுமாக அதே தந்திரத்தைத் தொடர்ந்தார்கள். 1985-இல் 'பினோக்கியோ' வந்தது. 'ஸ்நோ ஒயிட்' வர 1994 ஆயிற்று. காஸெட்டால் விளைந்த நன்மை வேறொன்று. வீட்டில் இருப்பதே நாலைந்து காஸெட்டுகள் என்றால், குழந்தை ஒன்றையே முப்பது தடவை பார்க்கும். ஒரே கதையை ராத்திரிதோறும் கேட்கத் துடிக்கும் குழந்தை இயல்புக்கு அதைவிட இசைந்தது வேறில்லை. 1994-இன் 'லயன் கிங்' மூன்று கோடிக்கும் மேற்பட்ட காஸெட்டுகளாக வீடுகளுக்குள் நுழைந்து, ஒரு தலைமுறைக்கு வசனம் முழுவதையும் மனப்பாடமாக்கிவிட்டது.

2019-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி டிஸ்னி ஸ்தாபனம் தன் இணையத் திரைச் சேவையைத் தொடங்கிய அன்று, பழைய படங்களைப் பூட்டி வைத்திருந்த அந்தப் பெட்டகம், அநேகமாக முழுவதுமே, திறந்து வைக்கப்பட்டது. மாதச் சந்தா கட்டினால் எண்பது வருஷத்துப் படங்கள் எந்த நேரத்திலும் கிடைக்கும் என்றாயிற்று. பழைய படங்களுக்கு இது பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலை வந்த மாத்திரத்தில், இப்போது பார்க்க வேண்டும் என்ற சந்தர்ப்பம் அழிந்துபோயிற்று. திரையைத் திறந்தால் முன்வரிசையில் நிற்பது நேற்று வந்த படம். குழந்தை ஒன்றைத் தொட்டால் அதைப் போலவே பத்தை யந்திரமே எடுத்துக் கொடுக்கிறது. போதாக்குறைக்கு, பழைய படங்களின் பெயர்களையே புதிய படங்கள் அபகரித்துக்கொண்டுவிட்டன: 'ஜங்கிள் புக்' 2016-இல், 'லயன் கிங்' 2019-இல், 'ஸ்நோ ஒயிட்' 2025-இல் என்று வரிசையாக மறுபடி எடுத்தாகிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளையிடம் போய் சிம்பா யார் என்று கேட்டால், சித்தார்த்தின் குரலில் தமிழ் பேசும் சிங்கத்தையும், அரவிந்த் சாமியின் குரலில் மிரட்டும் அதன் சித்தப்பாவையுந்தான் சொல்லுவான். அந்தக் கம்ப்யூட்டர்ச் சிங்கத்தின் முகத்தில் ரோமம் ஒவ்வொன்றும் நிஜம்போல் இருக்கிறது; துக்கம்தான் தெரியவில்லை. கையால் வரைந்த சிம்பாவின் புருவத்தில் தெரிந்த துக்கத்தை அவன் கண்டதில்லை என்பது அவனுடைய குற்றமா?

இதில் இன்னொரு விசித்திரமும் நேர்ந்தது. 'டம்போ'விலே காக்கைகளைக் கறுப்பின மக்களின் பரிகாசச் சித்திரமாக வரைந்திருப்பதையும், 'பீட்டர் பேன்'னில் அமெரிக்கப் பூர்வகுடிகளை இழிவாகக் காட்டியிருப்பதையும், 'அரிஸ்டோகேட்ஸ்' படத்தில் ஒரு பூனையைக் கொண்டு கிழக்காசிய மக்களைக் கேலி செய்திருப்பதையும் முன்னிட்டு, அப்படங்களுக்கு முன்னால் எச்சரிக்கை வாசகம் சேர்த்ததோடு, 2021-இல் மிகச் சிறிய பிள்ளைகளுக்கென்று அமைத்த கணக்குகளிலிருந்து அவற்றை நீக்கியும் விட்டார்கள். குழந்தைகளுக்கென்றே எடுத்த படம் குழந்தையின் கணக்கில் இல்லை. பெரியவர் தம் கணக்கிலிருந்து திறந்தால்தான் உண்டு. இந்த ஏற்பாட்டைப் பலர் கண்டித்தார்கள். எச்சரிக்கை நியாயமானதே என்பது என் கருத்து. நீக்கியதையும் நான் அவ்வளவாகக் குறைசொல்லமாட்டேன். 1938-இல் பிரிட்டிஷ் தணிக்கைக் குழு, சூனியக்காரியும் பயங்கரமான காடும் வருவதால், பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் 'ஸ்நோ ஒயிட்'டைப் பார்க்க வேண்டும் என்று விதித்தபோது ஜனங்கள் நகைத்திருக்கலாம். ஆனால் பழைய படத்துக்கு வேண்டியது அந்தத் துணைதான். அது இல்லாதபோதுதான் படம் குழந்தைக்கு அந்நியமாகிவிடுகிறது.

பொறுமையைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருவோம். 1942-இல் வந்த 'பாம்பி'யைவிட நிதானமான குழந்தைப் படம் அபூர்வம். படம் முழுவதிலும் பேசப்படுவது ஆயிரத்துக்கும் குறைவான சொற்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சீனாவிலிருந்து சிறுவனாக அமெரிக்காவுக்குக் குடியேறிய டைரஸ் வாங் என்ற ஓவியர், ஸாங் காலத்துச் சீன ஓவிய மரபை ஒட்டி, இலை இலையாக எழுதாமல் மூட்டத்தையும் ஒளியையும் கொண்டே வனத்தைத் தோற்றுவிக்கும் முறையை அந்தப் படத்துக்கு வகுத்துக் கொடுத்தார். மழைத் துளிகள் ஒன்றிரண்டாக விழுந்து, பெருகி, புயலாகி, ஓய்வது ஒரு கட்டம். கதைக்கு அதனால் அணுவளவும் பிரயோஜனமில்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகளோடு இதைப் பார்த்தபோது, தொடக்கத்தில் அவர்கள் நெளிந்தார்கள் என்பதையும், சின்னவன் இரண்டு தடவை ரிமோட்டைத் தேடினான் என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. பனி உறைந்த குளத்தில் மான்குட்டி நாலு காலும் நாலு திசையாகச் சறுக்கி விழுந்தபோது நெளிவு நின்றது. வேட்டைக்காரனைக் காட்டாமலே துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் கேட்கச் செய்து, தாயை இழந்த குட்டி பனிப்பொழிவில் கூப்பிட்டுக்கொண்டே அலையும் அந்த இடத்தில், 'அம்மா எங்கே தாத்தா?' என்று சின்னவன் மூன்று தடவை கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. படம் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். துணுக்குக் காட்சிகள் அந்தக் கேள்வியை ஒரு குழந்தையிடம் எழுப்பி நான் கண்டதில்லை.

ஆனாலும் பழையன எல்லாம் குழந்தைக்கு உகந்தவை என்று சாதிக்க நான் வரவில்லை. 'ஸ்நோ ஒயிட்'டின் இளவரசன் உப்புச்சப்பில்லாதவன். குள்ளர்கள் மறையும்போதெல்லாம் படம் மங்குகிறது. 1959-இன் 'ஸ்லீப்பிங் பியூட்டி' கண்ணுக்குப் பெருவிருந்து, நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. 'பினோக்கியோ'வில் கெட்ட பிள்ளைகள் கழுதைகளாக மாறும் கட்டத்தை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காட்டுவது இன்றைக்கும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். அதைவிடப் பயங்கரமாக எதையும் பின்னால் டிஸ்னி ஸ்தாபனத்தார் எடுக்கவில்லை.

ஜப்பானியர் இந்த விஷயத்தில் வேறு வழி சென்றார்கள். ஹயாவோ மியாசாகியின் 'என் அண்டைவீட்டு டொடோரோ' 1988 ஏப்ரலில், யுத்தத்தில் அநாதையான இரு குழந்தைகளின் சோகக் கதையாகிய 'மின்மினிகளின் கல்லறை'யோடு ஜோடியாக வெளியானபோது தியேட்டரில் பிரமாதமாக ஓடவில்லை. பிறகு அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது வெள்ளிக்கிழமை இரவுகளில் படம் காட்டும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. சில வருஷத்துக்கு ஒரு முறை, குறித்த தேதியில், குறித்த நேரத்தில், நாடே ஒன்றாகப் பார்க்கும்படி மியாசாகியின் ஜிப்லி ஸ்டூடியோவின் படங்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1986-இன் 'லபுடா: ஆகாயக் கோட்டை' 2013 ஆகஸ்டு 2-ஆம் தேதி அப்படி ஒளிபரப்பானபோது, கோட்டையைத் தகர்க்கும் மந்திரச் சொல்லைக் கதாபாத்திரங்கள் உச்சரித்த அதே விநாடியில் ஜனங்களும் ட்விட்டரில் அச்சொல்லை எழுத, ஒரே விநாடியில் 1,43,199 பதிவுகள் என்று உலக சாதனையாகிவிட்டது. இருபத்தேழு வருஷத்துப் பழைய படம்! அதைத் திரையில் கண்டவர்கள் அதை ஒரு திருநாளாக வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் திருநாளில் கலந்துகொண்டார்கள்.

நம் தேசத்திலும், யாரும் திட்டமிடாமலே, இத்தகைய சம்பவம் ஒன்று நடந்தது. யூகோ ஸாகோ என்ற ஜப்பானியரும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து உழைத்த ஜப்பானிய ராமாயணச் சித்திரப் படம், 1993-இல் இந்தியாவில் திரைவிழாவில் காட்டப்பட்டதோடு சரி. தியேட்டர்களில் பரவலாக வராமலே போயிற்று. பின்னாளில் தொலைக்காட்சியில் அடிக்கடி ஒளிபரப்பாகிக் குழந்தைகளின் நெஞ்சில் இடம்பிடித்துக்கொண்ட அது, 2025 ஜனவரி 24-ஆம் தேதி, தமிழ் உள்ளிட்ட பாஷைகளில் தியேட்டர்களுக்கு வந்தது. தொலைக்காட்சியில் கண்ட குழந்தைகள் இப்போது சம்பளக்காரர்கள். டிக்கெட் வாங்கும் சக்தி வந்துவிட்டது.

பழைய படம் என்பதன் எல்லைக்கோடும் நாம் அறியாமல் நகர்ந்துகொண்டே போகிறது. 1967-இல் தியேட்டருக்குத் திரும்பியபோது 'ஸ்நோ ஒயிட்'டுக்கு வயது முப்பது. கம்ப்யூட்டரிலேயே முழுவதும் உருவான முதல் பெரும்படமென்று நாம் வியந்த 'டாய் ஸ்டோரி' 2025-இல் அதே முப்பதை எட்டிவிட்டது. இன்றைய குழந்தை அதைச் சிரமமின்றிப் பார்க்கிறது. 1999, 2010, 2019 என்று அடுத்தடுத்த பாகங்கள் வந்து முதல் பாகத்துக்கு வழிகாட்டிக்கொண்டே இருந்தன அல்லவா?

அப்படி யாரும் வழிகாட்டாத படங்களுக்கு நாமே நாள் குறிக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால், 'டம்போ'விலிருந்து தொடங்குவேன்: 64 நிமிஷமே ஓடும், பறக்கும் யானைக்கு அறிமுகம் தேவையில்லை, காக்கைகள் வரும்போது அவற்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவைக்கலாம். அடுத்த விடுமுறைக்கு 'டொடோரோ'. 'பாம்பி'க்கு ஆறு வயது ஆகட்டும், 'பினோக்கியோ'வுக்கு எட்டு. 'ஃபேன்டாசியா'வைப் பிள்ளைகள் தூங்கின பிறகு நாம் பார்த்துக்கொள்ளலாம்.