உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வயது என்ன?

ஆணி சொல்லும்! ரம்பத் தடம் சொல்லும்!

"பழைய பெட்டி, பழைய நாற்காலி இருக்கா, ஆத்தா?"

துறையூர்ப் பக்கத்தில் உங்கள் தெருவில் இப்படி ஒரு குரல் கேட்டால் அவசரப்பட வேண்டாம். "பூச்சி அரிச்சுப் போச்சு, விறகுக்குத்தான் ஆகும்" என்பார் வந்தவர். கொஞ்சம் பணத்தை நீட்டுவார். அதே பெட்டி துடைத்து மெருகேறிக் கடையில் உட்கார்ந்த பிறகு விலையைக் கேட்டால் தலை சுற்றும்! காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இந்த மாதிரிப் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். ஆனால் விற்கும் முன் அதன் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? கையில் ஒரு டார்ச் விளக்கு இருந்தால் போதும்.

முதுகைப் பாருங்கள்

எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். பொய் சொல்லும் பக்கம் அதுதான். பாலிஷ் போட்டால் நேற்றுச் செய்ததும் பழசாகத் தெரியும். பெட்டியைத் திருப்பிப் போடுங்கள். இழுப்பறையை வெளியே எடுங்கள். பாலிஷ் படாத பலகை காற்றுப் பட்டுப் பட்டுக் கறுத்திருக்க வேண்டும்.

ரம்பத் தடம் தெரிகிறதா? கோடுகள் நேராக, ஒன்றுக்கொன்று கோணலாக இருந்தால் கையால் அறுத்த பலகை. வில் போல வளைந்திருந்தால் வட்ட ரம்பம் ஓடிய மில்லில் அறுத்தது.

அடுத்து ஆணி. கொல்லர் அடித்த ஆணி பட்டையாக இருக்கும். தலை ஒழுங்காக இராது. உருண்டையான கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் உலகில் பரவியது. கொல்லர் ஆணி இருப்பதாலேயே பெட்டி மிகப் பழசு என்று சொல்லிவிட முடியாது. கிராமத்தில் உலைக்களம் வெகுகாலம் எரிந்தது அல்லவா? ஆனால் எல்லா மூலையிலும் கம்பி ஆணியே இருந்தால், "இருநூறு வருஷத்துச் சாமான்" என்ற பேச்சை நம்பாதீர்கள். தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில் வந்தது. ஒரே ஒரு மூலையில் மட்டும் அது இருந்தால் பிற்காலத்து ரிப்பேராக இருக்கலாம்.

எந்தப் பிரபவ?

சில பெட்டிகளில் வருஷத்தின் பெயரையே வெட்டியிருப்பார்கள். "பிரபவ" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆகா, வயது தெரிந்துவிட்டது என்று குதிக்க முடியாது! தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை சுற்றி வரும். 1867-ம் பிரபவ, 1927-ம் பிரபவ, 1987-ம் பிரபவ. மூன்றில் எது? இங்கேதான் ஆணி சாட்சிக்கு வருகிறது. மூலைக்கு மூலை கம்பி ஆணி என்றால் 1867 அநேகமாக இல்லை. கூட்டல் குறித் திருகாணியும் ஆரம்பம் முதலே இருந்தது என்றால் 1927-ம் போயிற்று.

கொல்லம் ஆண்டு வெட்டியிருந்தால் நெல்லை, நாகர்கோவில், மலையாளப் பக்கம் பிறந்த சாமானாக இருக்கலாம். அதோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருஷம் கிடைக்கும்.

நாற்காலியில் "எஸ்.ஐ.ஆர்." என்று முத்திரை உண்டா? தென்னிந்திய ரயில்வேயின் சொத்து அது. திருச்சியில் தலைமை அலுவலகம் வைத்திருந்த அந்தக் கம்பெனி ரயில்வே, 1951-ல் தெற்கு ரயில்வேயில் சேர்ந்துவிட்டது. ஆகவே நாற்காலி அதற்கு முந்தியது.

பர்மாத் தேக்கா?

விற்பவர் எல்லாரும் "பர்மாத் தேக்கு" என்றுதான் சொல்வார்கள். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் செட்டிநாட்டு வீடுகளுக்கு அந்தத் தேக்கை ஏராளமாகக் கொண்டுவந்தது உண்மை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது வரத்து நின்றது. ஆனால் நிலம்பூரிலும் தேக்கு உண்டு. அங்கே 1840-களிலேயே தோட்டம் போட்டார்கள். இரண்டையும் வெறும் கண்ணால் பிரிப்பது லேசல்ல. எந்த ஜாதி மரம் என்று மட்டும் அறிய வேண்டுமானால், பெங்களூர் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சிறு துண்டைச் சோதித்துச் சொல்வார்கள்.

மரம் கிழம், மேஜை குமரி!

இன்னொரு தந்திரம் இருக்கிறது. இடித்த வீட்டின் தூணையும் உத்தரத்தையும் அறுத்துப் புது மேஜை செய்கிறார்கள். அதில் தப்பில்லை. பழைய மேஜை என்று விற்றால்தான் தப்பு! எதற்கும் பயன்படாத துளைகள், அடைத்த கழுந்துக் குழிகள் இருக்கின்றனவா பாருங்கள். பூச்சி அரித்த வழி, வட்டத் துளையாக இல்லாமல் வாய்க்கால் போலப் பலகையின் மேலேயே ஓடினால், அரித்த பிறகு அறுத்த மரம் அது.

நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளுக்குச் சட்டமும் உண்டு. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. வியாபாரம் செய்ய லைசென்சு வேண்டும்.

சோதித்து முடிக்கும் வரை உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள். இழுப்பறையில் ஒட்டியிருக்கும் கடைச் சீட்டைக் கிழிக்காதீர்கள். யாருடைய கல்யாணச் சீரில் வந்தது என்று பாட்டியைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.