லாரியில் ஃப்ரிட்ஜ், ஃபேன் ஓட்ட எந்த பேட்டரி வாங்கலாம்? செல்ஃப் அடிபடாமல் இருக்க இதுதான் கணக்கு!

திருவொற்றியூர், காசிமேடு வழியாகச் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பது வடசென்னைக்குப் பழகிப்போன காட்சி. சில நாள் வரிசை சீக்கிரம் நகரும். சில நாள் ராத்திரி முழுக்க ரோட்டிலேயே கழியும். அந்த நேரத்தில் கேபினுக்குள் ஃபேன், போன் சார்ஜர், சின்ன ஃப்ரிட்ஜ் என எல்லாமே வண்டி பேட்டரியில்தான் ஓடுகின்றன. விடியற்காலையில் வரிசை நகரும்போது செல்ஃப் எடுக்கவில்லை என்றால், பின்னால் இருக்கும் வண்டிகளும் சேர்ந்து நிற்க வேண்டியதுதான்.

"ஏசி கேபின் வந்துடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்கலாம். புதிதாகத் தயாராகும் சரக்கு லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அந்த ஏசி இன்ஜின் ஓடினால்தான் ஓடும். நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிட்டால், மணிக்கு ஒரு லிட்டர் டீசல் என்று கணக்கு வைத்தாலும் 10 மணி நேரத்தில் 10 லிட்டர் போய்விடும்.

வண்டி பேட்டரியிலேயே ஓட்டினால் என்ன?

வண்டியோடு வரும் பேட்டரி இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கானது. அதன் உள்ளே மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரேயடியாகக் கொடுக்கும். இன்ஜின் ஓடியதும் உடனே திரும்ப சார்ஜ் ஆகிவிடும். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் அந்தத் தகடுகள் தாங்காது. பலமுறை அடிவரை இறங்கிய ஸ்டார்ட்டிங் பேட்டரி, புதிதாக இருந்தாலும் சீக்கிரமே செத்துவிடும்.

எனவே அடிப்படை விதி ஒன்றுதான்: ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, ஃப்ரிட்ஜ், ஃபேனுக்குத் தனி பேட்டரி.

முதலில் ஃப்ரிட்ஜைப் பாருங்கள்

விலை குறைவாகக் கிடைக்கும் 'கூலர் பாக்ஸ்' பலவற்றில் கம்ப்ரசர் இருக்காது. அவை வெளி வெப்பத்தைவிட சுமார் 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 36 டிகிரி என்றால் உள்ளே 16. அதோடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் மின்சாரமும் அதிகம் செலவாகும். தண்ணீர் பாட்டிலுக்கு இது போதும். ஆனால் சர்க்கரை நோய் உள்ள டிரைவர் இன்சுலின் வைக்க இது உதவாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்; உறையவும் கூடாது. அதற்குக் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்தான் வேண்டும்.

எத்தனை ஏஎச் வேண்டும்?

ஏஎச் என்பது ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு. ஒரு ராத்திரிக்கு, 12 மணி நேரத்துக்கு இப்படிக் கணக்குப் போடலாம்:

• 45 வாட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், பாதி நேரம் ஓடினால்: 270 வாட் ஹவர்
• 15 வாட் ஃபேன், 10 மணி நேரம்: 150 வாட் ஹவர்
• போன் சார்ஜிங்: 40 வாட் ஹவர்

மொத்தம் 460. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 38 ஏஎச். உங்கள் ஃப்ரிட்ஜ், ஃபேனில் எழுதியிருக்கும் வாட் அளவைப் போட்டு இதேபோல் கணக்கிடுங்கள். சித்திரை வெயிலில் ஃப்ரிட்ஜ் பாதி நேரத்துக்கு மேலும் ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிட் பேட்டரியா, லித்தியமா?

ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆகவே 38 ஏஎச் எடுக்க 76 ஏஎச் வேண்டும். 100 ஏஎச் வாங்குவது பாதுகாப்பு. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி ஆழமாக இறங்குவதைத் தாங்கும். ஆனால் கனம் அதிகம், குலுங்கினால் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். படுத்துத் தூங்கும் கேபினுக்குள் அதை வைக்கவே கூடாது. அதைவிட, சீல் செய்யப்பட்ட ஏஜிஎம் டீப் சைக்கிள் பேட்டரி வண்டிக்கு ஏற்றது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம். 50 முதல் 60 ஏஎச் போதும். எடையும் பாதிக்குக் கீழ். விலை கூடுதல்தான், ஆனால் பல மடங்கு நாள் உழைக்கும். பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இன்ஜின் சூடு படும் இடத்தில் வைக்காதீர்கள். மாதத்தில் பல ராத்திரி ரோட்டில் கழிப்பவர்களுக்கு லித்தியம் லாபம். எப்போதாவது என்றால் ஏஜிஎம் போதும்.

அதிகம் நடக்கும் தவறு

பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். 12 வோல்ட் ஃபேனுக்காக அதில் ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் எடுப்பது பலர் செய்யும் வேலை. அந்த பேட்டரி எப்போதும் முழுசாக ஏறாது. இன்னொன்று அளவுக்கு மீறி ஏறும். கடைசியில் இரண்டுமே வீண்.

தனி பேட்டரியை 24-லிருந்து 12 வோல்ட்டாக மாற்றும் டிசி-டிசி சார்ஜர் மூலம் இணைப்பதே சரி. இன்ஜின் ஓடும்போது மட்டும் அது சார்ஜ் செய்யும். நின்றதும் இரண்டையும் பிரித்துவிடும். 20 ஆம்பியர் சார்ஜர் என்றால், 38 ஏஎச் திரும்ப ஏற குறைந்தது இரண்டு மணி நேரம் இன்ஜின் ஓட வேண்டும். ஆசிட் பேட்டரிக்கு இன்னும் கூடுதல் நேரமாகும்.

இப்போதைக்குத் தனி பேட்டரி வாங்க முடியாதவர்களுக்கு

கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் பலவற்றில் பேட்டரி பாதுகாப்பு செட்டிங் இருக்கும். அதை 'ஹை'யில் வையுங்கள். வோல்ட் இறங்கினால் ஃப்ரிட்ஜ் தானாக அணைந்துவிடும். மல்டிமீட்டரில் பார்த்தால், எதுவும் ஓடாமல் இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஃபுல், 12.2 என்றால் பாதி. 24 வோல்ட் வண்டியில் 24.4 வந்தாலே நிறுத்திவிடுங்கள். கார், கால் டாக்ஸி ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சின்ன கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 முதல் 45 ஏஎச்தான். ஒரே ராத்திரியில் காலியாகிவிடும்.

ஒயரிங்கில் இரண்டு விஷயம். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் போடுங்கள். அது இல்லாமல் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் கேபினே தீப்பிடிக்கும். எண்ணூர், ராயபுரம் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை துடைத்து வாசலின் தடவுங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது? அதில் ஈயமும் ஆசிட்டும் இருப்பதால் குப்பையில் போடக் கூடாது. 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்தால், அதற்கான தொகையை விலையில் கழித்துக்கொள்வார்கள்.