வசூல் காத்திருக்கும், வயது காத்திருக்குமா?

சாலவாக்கத்துப் படிப்பகத்தில் ஒரு மாலைப் பொழுது. கல் குவாரியில் வேலை முடித்து, தலையில் படிந்த தூசியையும் தட்டாமல் வந்து அமர்ந்த தோழர்களிடையே வாக்குவாதம். குத்துச்சண்டையில் பெரிய போட்டி ஒன்று மீண்டும் தள்ளிப்போய்விட்டதாம்!

“போனால் என்ன? கூட்டம் பெருகும், வசூல் குவியும்” என்றார் இளைஞர்.

“வசூல் காத்திருக்கும் தம்பி, வயது காத்திருக்குமா?” என்றார் பெரியவர்.

தீர்ப்புக் கூறும்படி நம்மைக் கேட்டனர். நாம் பெரியவர் பக்கம். ஏன் என்பதையும் கூறிவிடுகிறோம்.

பெரியவர் 1980ஆம் ஆண்டில் சென்னை நேரு விளையாட்டரங்கில் முகமது அலியை நேரில் கண்டவர். அன்று அலிக்கு வயது 38. எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். கண்காட்சிப் போட்டிதான், எனினும் கண்டவர்கள் மறக்கவில்லை. ஆனால் தோழர்களே, 26 வயது அலியை, 27 வயது அலியை, சென்னை மட்டுமல்ல, உலகமே மேடையில் கண்டதில்லை!

காரணம் என்ன? வியட்நாம் போருக்குப் படையில் சேர மாட்டேன் என்று 1967இல் மறுத்தார் அலி. பட்டம் பறிபோயிற்று. உரிமம் பறிபோயிற்று. வெளிநாடு சென்று சண்டையிடக் கடவுச்சீட்டும் இல்லை. 1967 மார்ச் முதல் 1970 அக்டோபர் வரை 43 மாதங்கள்! 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கிற்று. நீதி கிடைத்தது, கால்களின் பழைய வேகம் கிடைத்ததா? எந்த நீதிமன்றம் அதைத் திருப்பித் தர முடியும்?

இழந்தவர் அலி ஒருவரா? அல்ல. காலியான பட்டங்களில் ஒன்றை 1968இல் வென்றவர் அதே எல்லிஸ்தான். இடுப்பில் பட்டம் இருந்தது, “அலியை வென்றாயா?” என்ற கேள்வியும் கூடவே இருந்தது. 1970இல் எல்லிஸை வீழ்த்திய ஜோ பிரேசியரையும் அதே கேள்வி துரத்திற்று. 1971 மார்ச் 8ஆம் நாள், தோல்வியே காணாத இருவரும் நியூயார்க்கில் மோதினர். 15 சுற்றுகள்! கடைசிச் சுற்றில் அலியைத் தரையில் தள்ளி வென்றார் பிரேசியர். கேள்வி தீர்ந்தது. அதன்பின் 1974இலும் 1975இலும் மோதினர். இருமுறையும் வென்றவர் அலி. அதனால் பிரேசியர் சிறியவராகிவிட்டாரா? இல்லை! மோதியதால் இருவருமே வளர்ந்தனர்.

அலியின் காலத்தைத் தின்றது அரசாங்கம். இன்னொரு போட்டியின் காலத்தைத் தின்றது பேரம். பிலிப்பைன்ஸ் நாட்டில் வறுமையில் பிறந்து, தெருவில் ரொட்டி விற்று வளர்ந்தவர் மேனி பாக்கியோ. அவருக்கும் அமெரிக்கரான பிளாய்ட் மேவெதருக்கும் 2010இலேயே போட்டி நடந்திருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை பற்றிய தகராறில் பேச்சு முறிந்தது. பிறகு ஆண்டுக்கொரு பேச்சு, ஆண்டுக்கொரு முறிவு. இடையில், 2012 டிசம்பரில், மார்க்கெஸ் விட்ட ஒரே குத்தில் நினைவிழந்து விழுந்தார் பாக்கியோ. 2015 மே 2ஆம் நாள்தான் இருவரும் மேடை ஏறினர். மேவெதருக்கு 38, பாக்கியோவுக்கு 36, தோளிலோ காயம். மேவெதர் புள்ளிகளில் வென்றார். அமெரிக்காவில் மட்டும் 46 இலட்சம் வீடுகள் காசு கட்டிப் பார்த்தன. வசூல் வரலாறு படைத்தது. சண்டை சப்பென்று முடிந்தது! வென்றவரின் வெற்றியிலும் “2010இல் நடந்திருந்தால்?” என்ற கறை. தோற்றவரின் தோல்வியிலும் அதே கேள்வி.

“இருவருக்கும் கோடி கோடியாகக் கிடைத்ததே” என்பார் இளைஞர். கிடைத்தது; மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கீழே, அதே எடைப் பிரிவில், வாய்ப்புக்காக வரிசையில் நிற்பவன் கதி என்ன? அவனுக்குத் தொலைக்காட்சிப் பணம் இல்லை. பயிற்சிச் செலவு அவனுடையது. கழியும் வயதும் அவனுடையது. ஏற்பாட்டாளர் எழுபது வயதிலும் ஏற்பாட்டாளர்! குத்துச்சண்டைக்காரன் நாற்பதில் கிழவன். குவாரியில் உளி பிடிக்கும் தோழனுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? உடம்பே முதல், அந்த முதலுக்கு வட்டி கிடையாது, தேய்மானம்தான் உண்டு.

பட்டம் வைத்திருப்பவர் குறித்த காலத்துக்குள் முதல் போட்டியாளரைச் சந்தித்தே தீரவேண்டும் என்று சங்கங்களில் விதி உண்டு. விதி உண்டு, விலக்கும் உண்டு! பேரம் பெரிதானால் விலக்கும் பெரிதாகிறது.

நமக்கு அருகில்தான் உத்திரமேரூர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே கல்லில் வெட்டிவைத்தார்கள்: வாரியப் பொறுப்பு 360 நாள், நாள் முடிந்தால் இறங்கவேண்டும். பதவிக்குக் காலவரை வேண்டும் என்பதை அந்தக் கல் அறிந்திருந்தது. பட்டத்துக்கும் அது வேண்டும். நாள் குறித்து மோதட்டும். மறுப்பவர் பட்டத்தை மேடையில் வைத்துவிட்டு இறங்கட்டும்!

தோல்வியே இல்லாத கணக்கு வீரம் ஆகாது. யாரோடு, எந்த வயதில், எவ்வளவு வலிமையோடு மோதினாய் என்பதே வீரம். உழைப்பவன் உடம்பில் ஓடும் காலத்தைப் பேரம் பேசுவோர் கையில் ஒப்படைக்காதீர்!