காரத்தை எடைபோட்டு நம்பலாமா?

பள்ளி ஆய்வுக்கூடச் சோதனைகளுள் அமில-காரத் தரம்பார்த்தலே மிக எளியது என்று பலர் எண்ணுவர். பியூரெட்டிலிருந்து காரத்தைத் துளித்துளியாக அமிலத்தில் விடுகிறோம், நிறம் மாறியதும் நிறுத்துகிறோம், அவ்வளவுதானே! ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து ஒரு லிட்டராக்கினால் அது 0.1 மோலார் கரைசலாகிவிடும். பின் அதன் செறிவை அளப்பானேன்?

விடை நம் திருவனந்தபுரத்துக் காற்றிலேயே இருக்கிறது. இது கடலோர ஊர். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பருவமழையும் தொடங்கிவிடும். புட்டியைத் திறந்து வைத்தால் காரத்தின் வில்லைகள் சிறிது நேரத்தில் வியர்த்துப் பளபளக்கும். ஈரத்தோடு கரியமில வாயுவையும் கவர்ந்து, சிறுகச் சிறுகக் கார்பனேட்டாக மாறும். தராசுத் தட்டில் காரத்தோடு மழையும் அல்லவா ஏறி உட்கார்ந்திருக்கிறது!

ஆக்சாலிக் அமிலப் படிகம் அத்தகையதன்று. அதில் 1.575 கிராம் எடுத்து 250 மில்லிலிட்டராகக் கரைத்தால் 0.05 மோலார். இக்கரைசலில் 20 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் விட்டு, பினாப்தலீன் இரண்டு துளி சேர்க்கிறோம். 1871-ல் பேயர் கண்ட பொருள் இது. நிறங்காட்டி நமக்குப் புதிதன்று; சாலைக் கடைத்தெருவில் வாங்கிய மஞ்சள், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதை யார் காணவில்லை?

காரம் விழுமிடத்தில் தோன்றும் இளஞ்சிவப்பு, குடுவையைச் சுழற்ற மறையும். மறையத் தாமதித்தால் ஒவ்வொரு துளியாக விடவேண்டும். வெளிறிய சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுவே முடிவு. பிறகு அது மங்கினாலும் இன்னொரு துளி விடலாகாது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவின் வேலை. ஆழ்ந்த சிவப்பை அழகென்று காட்டுவோர் உளர். எனக்கு அது அளவு மீறியதற்குச் சாட்சி.

செலவான காரம் 21.3 மில்லிலிட்டர் என்று கொள்வோம். மறுமுறையும் அதுவே வருகிறது. ஆக்சாலிக் அமில மூலக்கூறு ஒன்றுக்குக் காரம் இரண்டு வேண்டும். ஆகவே 2 × 0.05 × 20 ÷ 21.3, செறிவு ஏறத்தாழ 0.094. எடை சொன்ன 0.1 அன்று.

இங்கேதான் சிலர், கணக்கு ‘சரியாக’ வரட்டும் என்று 20.0 என எழுதிவிடுகின்றனர். மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் சோதனை கண்டுபிடித்த ஒரே செய்தியை அழித்துவிட்டனர் என்பேன். அந்தக் காரத்தைக் கொண்டே அடுத்து வினிகரை அளக்கிறோம். 0.1 என்றே கொண்டால், புட்டியில் இல்லாத அமிலம் நூற்றுக்கு ஆறுக்கு மேல் குறிப்பேட்டில் ஏறிவிடும்.