பட்டாளத்திற் புதியவர்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலே, தாமிரபரணியின் துணையாறாகிய பச்சையாற்றின் வளம் பெற்று விளங்கும் ஊர் களக்காடு. வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூரைக் குறித்துத் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் இடையே பெரும் பூசல் நிகழ்ந்தது. அயலார் படைகள் வந்து தங்கிய காலம் அது. இப்பொழுதோ, களக்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் இளைஞர்கள் தாமே விரும்பி நாட்டுப் படையிற் சேர்கின்றனர். அவர்களுட் காலாட்படைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் பலர் நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்கு அனுப்பப்படுகின்றனர். 1758ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொள்ளும் மதராசுப் பட்டாளத்தின் பயிற்சி நிலையம் அங்கேதான் உள்ளது.

ஏறத்தாழ 6000 அடி உயரத்திலுள்ள அவ்விடத்திற்குத் தகரப் பெட்டியும் தானுமாக வந்து இறங்குகின்ற இளைஞனுக்கு எல்லாம் புதுமையாகவே தோன்றும். பச்சையாற்றங்கரையின் வெயிலிற் பழகிய உடலுக்கு மலைக்குளிர் முதற் பகை. அதிகாலையில் ஒலிக்கும் ஊதுகுழல் இரண்டாவது. மூன்றாவது, பெயர் தெரியாத முகங்கள். இம்முகங்களின் நடுவே தன்னைப்பற்றி நல்லெண்ணம் உண்டாக வேண்டுமே என்னும் கவலை அவன் உள்ளத்தில் எழுவது இயல்பே. அக்கவலையினால் இளைஞர் சிலர் செய்வது யாது? தம் ஊர்ப் பெருமையையும், கபடியில் வென்ற கதையையும், ஆட்சேர்ப்பின்போது 1600 மீட்டர் ஓட்டத்தில் முந்திய செய்தியையும் முதல் நாளிரவே அளக்கத் தொடங்கிவிடுகின்றனர். பட்டாளத்தில் இதற்கு மதிப்பில்லை. ஓடத் தெரியாதவன் எவனும் அங்கு வந்து சேர்ந்திருக்க மாட்டான் அன்றோ?

பழைய வீரர்களின் கண்கள் வேறிடத்தில் இருக்கின்றன. புதியவன் தன் படுக்கையை எவ்வாறு மடித்து வைக்கின்றான்? அவனுடைய காலணி பளபளப்பது மேலேயா, அடித்தோலிலும் சேறு அகன்றுள்ளதா? கூப்பிட்ட நேரத்திற்கு ஐந்து நிமிடம் முன்னரே வந்து நிற்கின்றானா, அணி நின்ற பிறகு மூச்சு வாங்க ஓடி வருகின்றானா? இவை சிறியவை என எண்ணுவோர் படையின் அமைப்பை அறியாதவர். காலாட்படையின் மிகச் சிறிய பிரிவில் ஏறத்தாழப் பத்துப் பேரே இருப்பர். இரவில் ஒருவன் காவல் நிற்க, ஏனையோர் உறங்குவர். உறங்குவோர் உயிர் விழித்திருப்பவன் கையில் உள்ளது. துடைக்காத துப்பாக்கி ஒன்று வேண்டிய நேரத்திற் சுடாது போயின், அதனால் வரும் கேடு அத்துப்பாக்கிக்கு உரியவனோடு நின்றுவிடாது. ஆதலால், “துப்பாக்கியைத் துடைத்துவிட்டாயா?” என்று அவில்தார் வினவும்பொழுது, துடைக்காதவன் “இல்லை” என்று உண்மை கூறினால் திட்டும் தண்டனையும் பெற்று அன்றே கணக்கைத் தீர்த்துக்கொள்வான். “ஆயிற்று” என்று பொய் சொல்லி அகப்பட்டவன் அப்பெயரைப் போக்கிக்கொள்ள மாதங்கள் பல ஆகும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து செல்வோர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. அணிவகுப்பு ஆணைகள் இந்தியிலே வழங்கப்படுகின்றன. ‘சாவ்தான்’ என்றால் நிமிர்ந்து நிற்றல். ‘விஸ்ராம்’ என்றால் தளர்ந்து நிற்றல். இவை சில நாட்களிற் பழகிவிடும். இவற்றைக் கடந்த நீண்ட ஆணை ஒன்று வரும்பொழுதுதான் இடர்ப்பாடு தோன்றும். விளங்காவிடினும், விளங்கியது போலத் தலையசைத்து வைக்கும் வழக்கம் கூச்சமுடைய இளைஞரிடம் உண்டு. நகைப்பார்களே என்னும் அச்சமே அதற்குக் காரணம். மறுமுறை கேட்பவனைத் தோழர்கள் நகைத்தாலும், அந்நகைப்பு அன்று மாலையே மறக்கப்படும். தலையசைத்துவிட்டு வேறு திசையிற் சென்றவனையோ எளிதில் மறவார்.

2022ஆம் ஆண்டு முதல் சிப்பாய்கள் ‘அக்னிவீரர்’ என்னும் முறையில் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்க்கப்படுகின்றனர். அவருள் நால்வரில் ஒருவர் வரையிலேயே அதன்பின் நிலையான பணியில் அமர்த்தப்படுவர் என்பது அம்முறையின் விதி. முன்னாளில் மெல்லப் பழகி நற்பெயர் எடுக்கப் பல்லாண்டு கிடைத்தது. இன்று அக்காலம் குறுகிவிட்டது.

சிப்பாயின் நிலை இதுவாயின், அதிகாரியாகச் சேர்பவரின் நிலை இன்னும் கடினமானது. சென்னைப் பரங்கிமலையில் 1963இல் நிறுவப்பெற்ற அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திலோ, தேராதூனிலோ பயின்று, தோளில் இரண்டு விண்மீன்களுடன் வந்து சேரும் லெப்டினன்டுக்கு வயது இருபத்திரண்டு அல்லது இருபத்து மூன்று இருக்கும். அவர்கீழ் முப்பதின்மருக்கு மேற்பட்ட வீரர் இருப்பர். அவ்வீரர்க்கும் அவருக்கும் இடையே பாலமாக நிற்கும் சுபேதார், பனியிலும் பாலையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவராய் இருத்தல் கூடும். தகுதியால் உயர்ந்தவர் இளைஞர். அனுபவத்தால் உயர்ந்தவர் முதியவர். இந்நிலையில் மரபு ஒரு நல்ல வழி வகுத்துள்ளது. இளைய அதிகாரி அம்முதியவரைச் ‘சாகிப்’ என்று மதிப்புடன் அழைக்கின்றார். அவரும் இளையவரைச் ‘சாகிப்’ என்றே அழைக்கின்றார். மேலும், புதிய அதிகாரியைச் சில வாரங்கள் சிப்பாய்களின் கொட்டகையிலேயே தங்கச் செய்து, அவர்கள் உண்பதை உண்டு, அவர்களோடு காவலும் நிற்கச் செய்யும் வழக்கம் பல பட்டாளங்களில் உண்டு. தம் வீரர் ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் வீட்டு நிலையையும் அவர் அங்கே அறிந்துகொள்கின்றார். மதராசுப் பட்டாளத்திற்கு வரும் வடநாட்டு அதிகாரிகள் தமிழ் கற்றுக்கொள்வதும் நெடுநாளைய வழக்கமாகும். பஞ்சாபிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், “அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா?” என்று திருத்தமற்ற தமிழிலே வினவினாலும், களக்காட்டுச் சிப்பாயின் முகம் மலராமற் போகுமா?

இவ்வழக்கங்கள் வெறும் உபசாரத்திற்காக ஏற்பட்டவையல்ல. அவை இல்லாத காலத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு வேலூர்க் கோட்டை சான்று கூறும். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைப் படைக்குத் தலைவராக இங்கிலாந்திலிருந்து வந்த சர் ஜான் கிரடாக் என்பவர், தாம் ஆளவந்த சிப்பாய்களின் உள்ளத்தை அறியுமுன்னரே அவர்தம் தோற்றத்தை மாற்ற முற்பட்டார். நெற்றியிற் சமயக் குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி வைத்தலாகாது, தோற்பட்டம் தைத்த புதுவகைத் தலைப்பாகையையே அணிதல் வேண்டும் என்று விதிகள் பிறந்தன. இந்துக்களும் முகம்மதியரும் ஒருங்கே மனம் புண்பட்டனர். 1806 மே மாதத்தில் அத்தலைப்பாகையை மறுத்தவர்கள் சவுக்கடி பெற்றனர். அடித்த பின்னும் காரணத்தை ஆராய்ந்தாரில்லை. சூலை 10ஆம் நாள் விடியற்காலையில் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சேர்ந்தவரும் இருந்தனர். கட்டபொம்மனும் ஊமைத்துரையும் போரிட்டு மடிந்து ஐந்தாறு ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. திப்புவின் மக்களும் அக்கோட்டையிலேயே சிறையிருந்தனர். ஆதலால் தலைப்பாகை ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும், உலர்ந்த சருகில் வீழ்ந்த பொறி அதுவே. அன்று ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கோட்டையை மீட்டபொழுது, இந்தியச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பின்னர் அவ்விதிகள் கைவிடப்பட்டன. கிரடாக்கும், சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்பி அழைத்துக்கொள்ளப்பட்டனர். வந்தவுடன் மாற்றம் செய்து பெயர் பெற விரும்பும் தலைவர்கள் எத்துறையிலும் உளர். படையில் அவ்விருப்பத்திற்கு விலையாவது குருதி.

இதற்கு நேர்மாறான ஒருவர் பீல்டு மார்ஷல் சாம் மானெக்சா. 1932இல் தேராதூன் இராணுவக் கழகத்தின் முதல் வகுப்பிற் சேர்ந்த நாற்பதின்மருள் அவர் ஒருவர். பார்சி இனத்தவராகிய அவர் எல்லைப்புறப் படையொன்றில் அமர்த்தப்பட்டார். சீக்கியரும் பட்டாணியரும் அப்படையில் இருந்தனர். தம் மொழிகள் பலவற்றோடு பட்டாணியரின் பஷ்தோ மொழியையும் முயன்று கற்று, 1938இல் அதில் உயர்நிலைத் தேர்வும் பெற்றார் அவர். 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றருகே இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் உடலைத் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்று கருதப்பட்ட அவரைக் களத்திலிருந்து மீட்டவர் அவருடைய சீக்கிய ஏவலரே.

நாட்டுப் பிரிவினையின்போது அவர் சேர்ந்திருந்த பட்டாளம் பாகிஸ்தானைச் சார்ந்தது. எனவே நடுவயதில் அவர் மீண்டும் புதியவரானார். கூர்க்கர்களைச் சேர்ந்த பட்டாளத்திற்கு உரியவரானார். 1962 இறுதியில் சீனப் போரிலே மனமுடைந்திருந்த நான்காம் படைத்தொகுதியின் தலைமை, அசாமிலுள்ள தேஜ்பூரில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தோல்விக்குக் காரணமானவர்களைத் தேடிப் பழிகூற அவர்க்கு வாய்ப்பிருந்தது. அதனை விடுத்து, எழுத்து மூலமான ஆணையின்றி எவரும் பின்வாங்குதல் கூடாது என்றும், அத்தகைய ஆணை ஒருகாலும் பிறவாது என்றும் தம் அதிகாரிகளிடம் அவர் சுருங்கக் கூறினார் என்பர். சோர்ந்திருந்த படைக்கு அவ்வளவே போதுமானதாயிற்று.

கூர்க்காப் படைப்பிரிவொன்றைப் போர்க்களத்தில் நேரே நடத்தாத அவருக்குக் கூர்க்க வீரர்கள் தம் வழக்கப்படி ஒரு பெயர் இட்டனர். ‘சாம் பகதூர்’ என்னும் அப்பெயராலேயே நாடு அவரை அறிந்தது. ஓய்வு பெற்றபின் குன்னூரில் வாழ்ந்த அவர், 2008 சூன் 27ஆம் நாள் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையிற் காலமானார்.